"இப்ப என்ன ஓடுது மாப்ள?": விஸ்கி ரசிகர்களின் பேச்சைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ விஸ்கி ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் வருகிற கேள்வி "இப்ப என்ன ஓடுது மாப்ள?" என்பதுதான். பதில் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: "இந்திரி த்ரினி ஓடுது. சிங்கிள் மால்ட், நாப்பத்தாறு, மூணு பீப்பா, வயசு போடலை. இது தீர்றதுக்குள்ள பீட்டட் ஒண்ணு திறக்கணும்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவருக்கு இதில் பாதி புரியாது, கேட்கவும் கூச்சமாக இருக்கும், தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அப்படி இருக்க வேண்டியதே இல்லை. எந்தத் தானியம், எத்தனை சதவீதம், எந்த மரம், எத்தனை வருஷம், புகை உண்டா இல்லையா என்று விஸ்கியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கால்வாசி விஷயம் அந்த ஒரு பதிலிலேயே இருக்கிறது. இதில் பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது வருஷத்தைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. மரத்தையும், அந்த மரம் இருந்த ஊரின் வெயிலையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. குறுவைக்கு விதை விடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். விதைநெல்லை ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூட்டம் வைப்போம் இல்லையா? மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும், நெல்லின் மூக்கில் வெள்ளையாக முளை தெரியும். பார்லிக்கும் நடப்பது இதேதான். முளைவிடும் விதை தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதற்கான நொதிகளை உண்டாக்கிக்கொள்கிறது. நாம் அந்த நேரத்தில் விதையை நாற்றங்காலுக்குக் கொண்டுபோய்த் தெளித்துவிடுகிறோம். விஸ்கிக்காரர்கள் அதே நேரத்தில் சூடான காற்றில் அதைக் காயவைத்து முளையை நிறுத்திவிடுகிறார்கள். நொதி அப்படியே தங்கிவிடும், சத்து வேருக்கும் இலைக்கும் போகாது.

அப்புறம் அதை அரைத்து, அறுபது அறுபத்தைந்து டிகிரி சூட்டில் வெந்நீர் விட்டு ஊறவைத்தால் மாவு முழுக்கச் சர்க்கரையாகி இனிப்பான நீர் இறங்கும். அதில் ஈஸ்ட் போட்டு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் ஏறக்குறைய பீர் அளவுக்கு, 7 முதல் 9 சதவீத ஆல்கஹால் உள்ள திரவம் கிடைக்கும். அதைச் செப்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சி வடித்தால் சுமார் 70 சதவீதத்தில் கண்ணாடி மாதிரித் தெளிந்த சாராயம் வரும். நிறமே இருக்காது. கொப்பரை செம்பாக இருப்பது அழகுக்கு இல்லை, கந்தக வாடையைச் செம்பு பிடித்துக்கொள்கிறது, அதற்காகத்தான்.

இப்படி முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே டிஸ்டில்லரியில் செய்தது சிங்கிள் மால்ட். ஒரே பீப்பாயிலிருந்து வந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது கிடையாது. ஒரு டிஸ்டில்லரி தன்னிடம் இருக்கிற நூறு பீப்பாய்களைக் கலந்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். பல டிஸ்டில்லரிகளின் மால்ட்டைச் சேர்த்தால் பிளெண்டட் மால்ட். ஜானி வாக்கர் வரிசையில் 15 வருஷ கிரீன் லேபிள் அந்த வகை. மால்ட்டோடு கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களில் செய்த கிரெய்ன் விஸ்கியையும் கலந்தால் வெறும் பிளெண்டட். சிங்கப்பூரிலிருந்து வருகிற உறவினர் பெட்டியில் தவறாமல் இருக்கும் பிளாக் லேபிள் இந்த வகை. கிரெய்ன் விஸ்கி கொப்பரையில் வடிப்பதில்லை, உயரமான கோபுரம் போன்ற கருவியில் நிற்காமல் ஓடிக்கொண்டே வடியும். ஈனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் 1830-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கருவி வந்த பிறகுதான் மலிவாகவும் மென்மையாகவும் நிறைய வடிக்க முடிந்தது, விஸ்கி ஸ்காட்லாந்தை விட்டு உலகத்துக்குப் போனதும் அந்தக் கலவைகளால்தான். அதனால் பிளெண்டட் என்றாலே மட்டம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் குவாட்டர் கணக்கில் விற்கும் விஸ்கியின் கதை வேறு. குருங்குளம் சர்க்கரை ஆலைப் பக்கம் அரவைக் காலத்தில் போயிருந்தால் அந்தக் கெட்டியான, கருத்த, கொஞ்சம் புளித்த இனிப்பு வாசனை ஞாபகம் இருக்கும். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற அந்த மொலாசஸைப் புளிக்கவைத்து, 96 சதவீதம் வரைக்கும் வடித்து, வாசனையும் சுவையும் இல்லாத ஆல்கஹாலாக ஆக்குவார்கள். தொழிலில் அதற்கு எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால், சுருக்கமாக இ.என்.ஏ. என்று பெயர். அதில் கொஞ்சம் மால்ட்டும், நிறமும், சுவையூட்டியும் சேர்த்தால் இந்தியாவில் அதை விஸ்கி என்று விற்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது, அங்கே தானியத்தில் செய்தால்தான் விஸ்கி. இங்கேயும் சில பிராண்டுகள் மொலாசஸை விட்டுவிட்டுத் தானிய ஆல்கஹாலுக்கு மாறியிருக்கின்றன, பின்பக்க லேபிளில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். இந்த வகையைக் குடிப்பவர்களை மட்டமாகப் பேசும் பழக்கம் ரசிகர்கள் சிலரிடம் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. சோடாவோ தண்ணீரோ விட்டுக் குடிக்கவென்றே செய்த பானம் அது, விலையும் அதற்கேற்ற விலை. ஆனால் அதில் மரத்தின் வாசனையையும் பார்லியின் இனிப்பையும் தேடினால் கிடைக்காது, அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

இந்தியாவிலேயே முழுக்க மால்ட்டில் செய்வது தனியாக வளர்ந்த கதை. பெங்களூரில் 1948-இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004 ஆகஸ்டில் முதலில் விற்பனைக்கு வைத்த இடம் எது தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. விஸ்கி செய்கிறவர்களின் வாசலிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். இந்திய பார்லியையும் ஸ்காட்லாந்தின் புகைபிடித்த பார்லியையும் சேர்த்துச் செய்த அவர்களுடைய ஃபியூஷன் என்ற விஸ்கியை, ஜிம் மர்ரே என்ற விமர்சகர் தன் 2010-ஆம் ஆண்டுக் கையேட்டில் உலகத்தின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று வைத்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. கோவாவிலிருந்து பால் ஜான் 2012-இல் வந்தது, உத்தரப்பிரதேசத்திலிருந்து ராம்பூர் 2016-இல், அரியானாவின் இந்திரியிலிருந்து மேலே சொன்ன த்ரினி 2021-இல். இந்தப் பெயர்களை எல்லாம் உச்சரிக்கும்போது எனக்கு உள்ளபடியே பெருமையாக இருக்கிறது.

நாப்பத்தாறு என்ன கணக்கு?

சதவீதக் கணக்கு. ஸ்காட்லாந்துச் சட்டப்படி விஸ்கி 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதனால் நிறையப் பாட்டில்கள் சரியாக 40-இல் நிற்கும். இந்தியப் பாட்டில்களில் 42.8 என்று ஒரு விநோதமான எண் இருக்கும். அது வெள்ளைக்காரர் காலத்துக் கணக்கு. பழைய பிரிட்டிஷ் அளவையில் 100 ப்ரூஃப் என்றால் 57.1 சதவீதம், அதில் முக்கால் பங்கு 42.8. பல லேபிள்களில் 75 டிகிரி ப்ரூஃப் என்றும் சேர்த்துப் போட்டிருப்பது அதனால்தான். ஸ்காட்லாந்திலிருந்து பெரிய கலன்களில் வந்து இங்கே பாட்டிலில் அடைக்கிற ஸ்காட்சும் 42.8-தான்.

46 என்று ஒருவர் அழுத்திச் சொன்னால் அவர் சொல்ல வருவது வேறு. விஸ்கியில் பார்லியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்த எண்ணெய்ப் பொருட்கள் கரைந்திருக்கின்றன. ஆல்கஹால் குறைவாக இருக்கும்போது ஐஸ் போட்டால் அவை பிரிந்து கலங்கலாகத் தெரியும். வாங்குகிறவர் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பாரே என்று நிறுவனங்கள் விஸ்கியைப் பூஜ்ய டிகிரி பக்கத்தில் குளிர்வித்து அந்த எண்ணெயை வடிகட்டி எடுத்துவிடும். 46-உம் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலும் கலங்காது, வடிகட்டவும் தேவையில்லை. வாயில் கொஞ்சம் வழவழவென்று தங்கும் அந்தக் கனம் மிஞ்சும். பீப்பாயில் இருந்தபடியே தண்ணீர் கலக்காமல் அடைத்தது காஸ்க் ஸ்ட்ரெங்த், அது 55, 60 என்று கூடப் போகும்.

இங்கேயே இன்னொரு கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் ருசி பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். 42.8 சதவீதத்தில் 30 மி.லி. என்றால் உடம்புக்குள் போவது ஏறக்குறைய 10 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரு குவாட்டர் முழுக்க என்றால் 60 கிராம். அதே 30 மி.லி. 60 சதவீத காஸ்க் ஸ்ட்ரெங்த் என்றால் 14 கிராம், அதாவது கிளாஸில் அளவு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே போவது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது, அதில் சிங்கிள் மால்ட்டுக்கு விலக்கு எதுவும் இல்லை. குடிப்பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு இது சட்டப்படியே இல்லை. வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வழக்கு, அது ஒரு லார்ஜிலேயே தாண்டிவிடக்கூடும். ஆகவே கூடுகிற வீட்டிலேயே பாய் போட்டுப் படுத்துவிடுவது நல்லது.

மூணு பீப்பாய்

இனிமேல் வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கொப்பரையிலிருந்து இறங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்த சாராயத்துக்கு நிறமும், இனிப்பும், வாசனையில் பெரும்பங்கும் தருவது ஓக் மரம். பீப்பாய் செய்யும்போது பலகைகளின் உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுவார்கள், அமெரிக்காவில் கரியாகும் வரைக்கும் எரிப்பார்கள். அந்தச் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் சர்க்கரைகள் கருகிக் கேரமல் ஆகும், மரத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் லிக்னின் உடைந்து வனிலின் பிறக்கும். ஐஸ்கிரீமில் வரும் அதே வனிலா வாசனைப் பொருள்தான். உள்ளே படிந்த கரி, சாராயத்தின் கரடுமுரடான வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் பெர்போன் விஸ்கிக்கு ஒரு சட்டம் உண்டு. பாதிக்கு மேல், சரியாகச் சொன்னால் குறைந்தது 51 சதவீதம், மக்காச்சோளத்தில் செய்ய வேண்டும், உள்ளே கரித்த புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒரு முறை பெர்போன் வைத்த பீப்பாயில் மறுபடி பெர்போன் வைக்க முடியாது. அப்படியானால் காலியான அத்தனை பீப்பாய்களும் எங்கே போகும்? கப்பலேறி ஸ்காட்லாந்துக்கும், இப்போது பெங்களூருக்கும் கோவாவுக்கும் அரியானாவுக்கும் போகின்றன. உலகத்தில் நீங்கள் குடிக்கும் மால்ட் விஸ்கியில் பெரும்பங்கு, சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பழைய பெர்போன் பீப்பாய்களில்தான் வளர்ந்தது. வாசனையில் வனிலா, தேன், தேங்காய், பழுத்த வாழைப்பழம் என்று வந்தால் பெர்போன் பீப்பாய் என்று ஊகிக்கலாம்.

இன்னொன்று ஷெர்ரி பீப்பாய். ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் செய்கிற ஷெர்ரி என்ற ஒயின் அந்தக் காலத்தில் பீப்பாயோடு பிரிட்டனுக்கு வந்து, அங்கே காலியாகி, விஸ்கிக்காரர்கள் கைக்குப் போனது. 1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று ஆனதும் பீப்பாய் வரத்து நின்றது. இப்போது விஸ்கிக்கென்றே புதுப் பீப்பாய் செய்து, ஒன்றிரண்டு வருஷம் ஷெர்ரி ஊற்றி வைத்துப் பதப்படுத்தி வாங்குகிறார்கள். அதனால்தான் அதற்கு அவ்வளவு விலை. உலர்திராட்சை, பேரீச்சம்பழம், கிராம்பு, சில சமயம் வெந்த வெல்லப்பாகு என்று இதன் வாசனை போகும். நம் நண்பர் சொன்ன இந்திரி த்ரினியில் பெர்போன், பிரெஞ்சு ஒயின், பெட்ரோ ஹிமெனெஸ் என்ற மிக இனிப்பான ஷெர்ரி, இந்த மூன்று வகைப் பீப்பாய்களும் இருக்கின்றன. மூணு பீப்பா என்று அவர் சுருக்கியது இதைத்தான்.

பீப்பாய் எத்தனையாவது முறை நிரப்பப்படுகிறது என்பதும் முக்கியம். முதல் தடவை விஸ்கி ஊற்றும் பெர்போன் பீப்பாய் நிறையக் கொடுக்கும், மூன்றாவது தடவை என்றால் கொஞ்சம்தான். நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஸ்காட்லாந்துச் சட்டமே நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அனுமதிக்கிறது. அடர்ந்த செம்பழுப்பு என்றால் பழையது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

வயசு போடலை, அதனால் என்ன?

லேபிளில் 12 என்று இருந்தால், பாட்டிலுக்குள் இருக்கும் கலவையில் மிக இளையது 12 வருஷம் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். 20 வருஷத்துச் சரக்கு அதில் பாதி இருந்தாலும் 12 என்றுதான் போட முடியும். ஸ்காட்லாந்தில் மூன்று வருஷம் ஓக்கில் இருந்தால்தான் அதற்கு விஸ்கி என்ற பெயரே கிடைக்கும். வருஷம் குறிப்பிடாமல் வருவதை ரசிகர்கள் என்.ஏ.எஸ். என்பார்கள். அதைக் கேட்டதும் ஏதோ இளஞ்சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பலர் முகம் சுளிப்பார்கள். குளிர்நாட்டு விஸ்கியில் அந்தச் சந்தேகத்துக்குச் சில சமயம் இடம் இருக்கலாம். நம் நாட்டு விஸ்கியில் அதே அளவுகோலை வைப்பது சரியில்லை.

மரம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். சூடு ஏறும்போது சாராயம் மரத்துக்குள் ஆழமாகப் போய், குறையும்போது வெளியே வரும், வரும்போது மரத்தின் சத்தை எடுத்துக்கொண்டு வரும். கூடவே மரத்தின் துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டும் இருக்கும். விஸ்கிக்காரர்கள் இந்த இழப்பைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் போகிறது, பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேலே. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் பீப்பாயில் ஸ்காட்லாந்தில் 12 வருஷம் கழித்து 157 லிட்டர் மிஞ்சும். வருஷத்துக்கு 10 சதவீதம் போகிற ஊரில் ஐந்து வருஷத்திலேயே 118 லிட்டர் ஆகிவிடும், 12 வருஷம் விட்டுவைத்தால் 56 லிட்டர். அதற்குள் மரம் அதிகமாக இறங்கித் துவர்ப்பும் கசப்பும் மேலே வந்துவிடலாம். அதனால்தான் இந்திய டிஸ்டில்லரிகள் நாலைந்து, ஆறு வருஷத்தில் எடுத்துவிடுகின்றன. 2013-இல் அம்ருத் 8 வருஷ விஸ்கி ஒன்றைக் கொண்டுவந்தபோது அதற்கு கிரீடி ஏஞ்சல்ஸ், அதாவது பேராசைக்காரத் தேவதைகள், என்று பெயர் வைத்தார்கள், பீப்பாயில் அவ்வளவு குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. ஸ்காட்லாந்தில் 8 வருஷம் என்பது சாதாரணம்.

இதற்கு இன்னொரு சாட்சி தைவான். நம்மைப் போலவே வெக்கையும் புழுக்கமுமான தீவு. அங்கே 2006-இல் வடிக்கத் தொடங்கிய கவலான், ஒன்பது வருஷத்துக்குள், 2015-இல், உலக விஸ்கி விருதுகளில் சிறந்த சிங்கிள் மால்ட் பட்டத்தை வாங்கியது. லேபிளில் வயது இல்லை. சித்திரை வெயிலில் வேலை செய்து பார்த்தவர்களுக்கு, வெயில் ஒரு பொருளை என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலை விஸ்கியின் எதிரி என்று நினைத்த காலம் போய், அதை ஒரு கருவியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள்.

பீப்பாயை விட்டு வெளியே வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும், இதையும் சொல்லிவிட வேண்டும். பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த 12 வருஷ பாட்டில் இருபது வருஷமாக பீரோவில் இருந்தாலும் அது 12 வருஷ விஸ்கிதான். கண்ணாடியில் எதுவும் நடக்காது. திறந்த பாட்டிலில் மட்டும் காற்றுபட்டு மெல்ல மாறும். பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டில் என்றால் சில மாதங்களுக்குள் முடித்துவிடுவதோ சின்ன பாட்டிலுக்கு மாற்றுவதோ நல்லது. ஒயின் மாதிரிப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், இல்லையென்றால் இவ்வளவு ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். வெயில்படுகிற ஜன்னல் ஓரம், அடுப்படி அலமாரி இரண்டும் வேண்டாம்.

பீட்டட் என்பதைப் பற்றிச் சுருக்கமாக. பார்லியைக் காயவைக்க ஸ்காட்லாந்தின் சில பகுதிகளில், முக்கியமாக ஐலா தீவில், சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மட்கிக் கிடக்கும் தாவரப் படிவை வெட்டி எரிப்பார்கள். அதுதான் பீட். அந்தப் புகை ஈரமான பார்லியில் ஒட்டிக்கொண்டு, வடித்த பிறகும், பீப்பாயில் பத்து வருஷம் இருந்த பிறகும்கூடப் போகாது. ஐலாவின் லாஃப்ராய்க், ஆர்ட்பெக் என்ற விஸ்கிகளை முதல் முறை மோந்து பார்ப்பவருக்கு டிங்சர் அயோடின் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டு ஞாபகம் வரலாம். எனக்கு நாகப்பட்டினம் கடற்கரையில் கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில் யாரோ சருகு எரிப்பது ஞாபகம் வரும். பிடித்தவர்களுக்கு இது உயிர், பிடிக்காதவர்கள் பக்கத்தில் வரமாட்டார்கள். இரண்டுமே நியாயம்தான்.

இப்படி வாசனையைச் சொல்லும்போது நம் சொற்களையே சொல்லுங்கள். வெளிநாட்டு பாட்டில்களின் பின்பக்கம் ஹெதர் பூ, மார்மலேட், கிறிஸ்துமஸ் கேக் என்று எழுதியிருப்பது அவர்கள் வீட்டு வாசனைகள். பூவன் பழம், திருவையாறு அசோகா, பனங்கற்கண்டு, சுக்கு, பழைய மரப்பெட்டி, மழைக்கு முன்னால் கிளம்பும் மண்வாசனை என்று உங்கள் மூக்கு எதைச் சொல்கிறதோ அதைச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு உடனே புரியும். ஹெதரை நம்மில் எத்தனை பேர் மோந்திருக்கிறோம்?

மோந்து பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வாய் குறுகி, அடி கொஞ்சம் உப்பின கிளாஸ் கிடைத்தால் நல்லது, 15 அல்லது 20 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்புக்கு மேலேயே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மெதுவாக இழுங்கள். ஆல்கஹாலின் எரிச்சல் குறைந்து மற்றதெல்லாம் தெரியும். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்கியபின், எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று கவனியுங்கள். அதைத்தான் ஃபினிஷ் என்கிறார்கள். பிறகு சில சொட்டு தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள். தெளிந்த விஸ்கிக்குள் தண்ணீர் எண்ணெய் இழை போலச் சுழன்று இறங்குவது கண்ணுக்கே தெரியும், வாசனையும் சட்டென்று விரியும். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் இரண்டு விஞ்ஞானிகள் இதைக் கணினியில் செய்து பார்த்தார்கள். புகை வாசனை தரும் குவயக்கால் என்ற பொருள், ஆல்கஹால் மிக அதிகமாக இருக்கும்போது உள்ளே அமுங்கிக் கிடக்கிறது, தண்ணீர் சேர்ந்து 45 சதவீதத்துக்கு இறங்கினால் மேற்பரப்புக்கு வருகிறது. ஆகவே தண்ணீர் விடுவது விஸ்கியைக் கெடுப்பது ஆகாது.

ஐஸ் விஷயத்தில் ரசிகர்களிடம் பெரிய சண்டையே நடக்கும். அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற விதி குளிர்நாட்டில் பிறந்தது, அங்கே அறை என்றால் பதினெட்டு இருபது டிகிரி. கத்திரி வெயிலில் தஞ்சாவூர் வீட்டு அறை ராத்திரியிலும் முப்பதுக்குக் கீழே இறங்காது, அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தோ, கிளாஸில் ஒரு பெரிய ஐஸ் கட்டி போட்டோ இருபது டிகிரிக்குக் கொண்டுவருவதில் எந்தத் தப்பும் இல்லை. நிறைய ஐஸ் போட்டு உறையவைத்தால் மட்டும் வாசனை அடங்கிவிடும்.

வாங்குவது பற்றி இரண்டு வார்த்தை. வெளிநாட்டு விஸ்கிக்கு இங்கே இவ்வளவு விலை இருப்பதற்குப் பெரிய காரணம் இறக்குமதித் தீர்வை, ஸ்காட்சுக்கு 2025-இல் அது 150 சதவீதமாக இருந்தது. 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் ஸ்காட்ச் மீதான அந்தத் தீர்வையை முதலில் 75 ஆகவும், பத்து வருஷத்தில் 40 ஆகவும் குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குமேல் மாநில வரி தனி. திருச்சி விமான நிலையத்தில் இறங்கும் உறவினர் ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம், சிங்கப்பூர், மலேசியாவில் ஆள் இருக்கிற நம் பக்கத்து வீடுகளுக்கு அது ஒரு வசதி. காரைக்கால் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவருவது மட்டும் வேண்டாம், அது புதுச்சேரி, சட்டம் வேறு, சோதனைச் சாவடியில் சிக்கல் வரும்.

புதிதாகத் தொடங்குகிற ரசிகர்கள் நாலு பேர் காசு போட்டு மூன்று பாட்டில் வாங்கினால் மேலே சொன்னது எல்லாம் நாக்கிலேயே தெரிந்துவிடும். கலவைக்கு ஒரு பிளாக் லேபிள், மரத்துக்கு ஒரு இந்திரி த்ரினி, புகைக்கு பால் ஜான் போல்ட். ஒருவர் மட்டும் உள்ளே போய் ஆளுக்கு மூன்று கிளாஸில் 15 மி.லி. வீதம் ஊற்றி, கிளாஸின் அடியில் எண் ஒட்டி எடுத்து வரட்டும். மற்றவர்கள் பெயர் தெரியாமல் மோந்து, குடித்து, தோன்றுகிற முதல் சொல்லைக் காகிதத்தில் எழுதட்டும். பேசிக்கொள்ளாமல் எழுதுவது முக்கியம், ஒருவர் "திராட்சை" என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் திராட்சையே தெரியும். புகையுள்ளதைக் கடைசியில் குடியுங்கள், முதலில் குடித்தால் மற்ற இரண்டும் அதற்குள் மறைந்துவிடும். நடுவில் தண்ணீரும் வறுத்த வேர்க்கடலையும் போதும். நெத்திலி வறுவலைச் சோதனை முடிந்த பிறகு எடுங்கள், மிளகாய் நாக்கில் ஏறிவிட்டால் எந்தக் கிளாஸில் என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.